முகத்துவாரம் தானாக உடையுமா? போலி வெற்றிடம் பற்றிய கேள்விக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி: “மட்டக்களப்பில் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறேன். நாம் இருக்கிற வெற்றிடமே ‘போலி’, எந்த நேரமும் அது உடைந்து பிரபஞ்சம் முழுக்க அழிந்துவிடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். ஒரு மேட்டையும் இரண்டு பள்ளங்களையும் கீறி, மேல் பள்ளத்தில் ஒரு பந்தை வைத்துக் காட்டினார்கள். இன்னும் ஆழமான பள்ளம் இருக்கிறதென்றால் 1380 கோடி வருடமாக ஏன் அதற்குள் விழவில்லை? ஜெனிவாவில் துணிக்கைகளை மோதவிடுகிறார்களே, அது பந்தைத் தள்ளிவிடாதா? நடந்தால் முன்கூட்டியே தெரியவருமா?”

பதில்: தம்பி, குழப்பம் முழுக்க அந்தப் பந்தில்தான் இருக்கிறது. அதை முதலில் சரிப்படுத்துவோம்.

பாடசாலையில் வெற்றிடம் என்றால் இரசப் பாரமானியின் மேல்முனையில் இருக்கிற வெறுமை. இங்கே அந்தப் பொருள் இல்லை. இடம் முழுவதும் புலங்கள் நிறைந்திருக்கின்றன. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்தாலும் அவை போகாது. அந்தப் புலங்கள் இருக்கக்கூடிய மிகக் குறைந்த சக்தி நிலைக்குத்தான் பௌதிகவியலாளர் வெற்றிடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான புலங்களுக்கு அந்த நிலையில் பெறுமானம் பூச்சியம். ஹிக்ஸ் புலத்துக்கு மட்டும் அப்படி இல்லை: அது எங்கும் 246 கிகா இலத்திரன்வோல்ற்று (துணிக்கைகளின் சக்தியை அளக்கிற அலகு, திணிவையும் இதிலேயே சொல்வார்கள்) என்ற பெறுமானத்தில் நிற்கிறது. இலத்திரனுக்குத் திணிவு கிடைப்பதும் அதனால்தான்.

காணொளிப் படத்தின் கிடை அச்சில் இருப்பது இடம் அல்ல, புலத்தின் பெறுமானம். நிலைக்குத்து அச்சில் ஒரு கன மீற்றருக்கான சக்தி. அருகில் இருக்கிற பெறுமானங்களோடு ஒப்பிட்டால் குறைவான சக்தி, ஆனால் தூரத்தில் அதைவிடவும் குறைவான இன்னொரு பள்ளம் இருக்கிறது. இதுதான் போலி வெற்றிடம். ‘போலி’ என்ற சொல்லால் ஏமாற வேண்டாம். அந்த நிலையில் அணுக்கள் உண்மையான அணுக்கள்தான், வாவியில் ஓடுகிற மீனும் உண்மையான மீன்தான். அது கடைசிப் படி அல்ல என்பது மட்டுமே பொருள்.

பந்துப் படம் மறைக்கிற விடயம் இன்னொன்று. பந்து ஒன்றுதான், புலமோ ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கிறது. ஒரு புள்ளியில் மட்டும் புலம் மேட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்துக்குப் போனால், பக்கத்துப் புள்ளிகள் அதைத் திரும்ப இழுத்துவிடும். முழு இடமும் ஒரே நேரத்தில் தாண்டுவதென்றால் தேவையான சக்திக்கு எல்லையே இல்லை. ஆகவே நடக்கக்கூடிய வழி ஒன்றுதான்: எங்கோ ஒரு சின்னக் குமிழிக்குள் மட்டும் புலம் மாறி, அந்தக் குமிழி வளர வேண்டும். “ஏன் இன்னும் விழவில்லை” என்ற உங்கள் கேள்வியை “போதிய பருமனுள்ள குமிழி ஏன் இன்னும் பிறக்கவில்லை” என்று மாற்றிக் கேட்க வேண்டும்.

பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரம், அதாவது வாவி கடலில் சேருகிற வாய், வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மாரியில் வாவி நிரம்பி, படுவான்கரை வயல்களில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும், கடல்மட்டமோ கீழே. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு. ஒருவர் மண்வெட்டியால் முழங்கால் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் என்ன நடக்கும்? பக்கத்து மணல் சரியும், அலை கொஞ்சம் மணலை அள்ளிப் போடும், சற்று நேரத்தில் வெட்டிய இடம் தெரியாது. மண் அள்ளுகிற பெக்கோ இயந்திரத்தை இறக்கி அகலமாகவும் ஆழமாகவும் வெட்டினால் கதை வேறு. ஓடுகிற தண்ணீரே கரையை அரித்து வாயை அகலமாக்கும். அதற்குப் பிறகு பெக்கோவை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வெட்டு ஒரு குறித்த அளவுக்குக் கீழே இருந்தால் தானாக மூடும், மேலே போனால் தானாக விரியும். அந்த எல்லை அளவுதான் இந்த விடயத்தின் உயிர்நாடி. (உவமை ஒரு இடத்தில் முறியும்: வாவியும் கடலும் சமமானால் ஓட்டம் நிற்கும், பிறகு மணல் திரும்பவும் மூடும். வெற்றிடக் குமிழிக்கு அப்படி ஒரு ஓய்வு இல்லை.)

இனிக் கணக்கு. குமிழிக்குள் புதிய நிலை. ஒரு கன மீற்றருக்கு இவ்வளவு சக்தி மிச்சம். அந்த இலாபம் கனவளவோடு, அதாவது ஆரையின் மூன்றாம் அடுக்கோடு வளரும். குமிழியின் சுவரில் புலம் மேட்டின் உச்சியில் நிற்க வேண்டியிருக்கிறது, அது செலவு. அந்தச் செலவு மேற்பரப்பளவோடு, அதாவது ஆரையின் வர்க்கத்தோடு வளரும். சின்ன ஆரையில் வர்க்கம் வெல்லும், பெரிய ஆரையில் மூன்றாம் அடுக்கு வெல்லும். மொத்தச் சக்தியை ஆரை குறித்து வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால், உச்சி வருகிற ஆரை = 2 × பரப்பிழுவிசை ÷ சக்தி வித்தியாசம். (பரப்பிழுவிசை என்பது சுவரின் ஒரு சதுர மீற்றருக்கான செலவு, சக்தி வித்தியாசம் என்பது ஒரு கன மீற்றருக்கான இலாபம்.) சவர்க்காரக் குமிழிக் கணக்குச் செய்த உங்களுக்கு இது புதிதல்ல. வெப்ப அசைவால் பிறக்கிற குமிழி எட்ட வேண்டிய அளவு இது.

குவாண்டம் முறையில் மேட்டை ஏறாமல் ஊடுருவிப் பிறக்கிற குமிழிக்கு 2 அல்ல, 3. காரணம் எளிது: வெற்றிடத்திலிருந்து எதையும் வெளியே இருந்து கொடுக்காமல் பிறப்பதால் குமிழியின் மொத்தச் சக்தி பூச்சியமாக இருக்க வேண்டும். 4 × பை × ஆரை² × பரப்பிழுவிசை என்ற செலவையும் (4/3) × பை × ஆரை³ × சக்தி வித்தியாசம் என்ற இலாபத்தையும் சமன் செய்து பாருங்கள், 3 வந்துவிடும். “இயற்கையிடம் சக்தியைக் கடன் வாங்குகிறது” என்று சொல்வார்களே, இங்கே கடனும் இல்லை வட்டியும் இல்லை.

சோவியத் பௌதிகவியலாளர் கொப்சரேவ், ஒக்குன், வொலோஷின் மூவரும் 1970களின் நடுவில் இந்தக் குமிழிகளைப் பற்றி எழுதினார்கள். 1977இல் பௌதிகவியலாளர் சிட்னி கோல்மன், மெல்லிய சுவருள்ள குமிழி பிறக்கும் வீதத்தை ஒழுங்காகக் கணித்தார். அந்த வீதம் 2.718 ஐ ஒரு மறை எண்ணின் அடுக்குக்கு உயர்த்துவதாக வரும். அந்த எண்ணின் பருமன் (இதைத்தான் இனி அடுக்கெண் என்கிறேன்) (27 × பை² ÷ 2) × பரப்பிழுவிசையின் 4ஆம் அடுக்கு ÷ சக்தி வித்தியாசத்தின் 3ஆம் அடுக்கு. பிளாங்க் மாறிலியையும் ஒளி வேகத்தையும் 1 என்று வைத்த அலகுகளில் இது. நாலாம் அடுக்கு என்ன செய்யும் என்று பாருங்கள். அடுக்கெண் 100 என்றால் வீதம் 10⁻⁴³ மடங்கு குறையும். பரப்பிழுவிசையை இரட்டிப்பாக்கினால் அடுக்கெண் 1600, குறைவு 10⁻⁶⁹⁵. இப்படிப்பட்ட கணக்குகளில் “கொஞ்சம் கூட”, “கொஞ்சம் குறைய” என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசையென்றால் வீட்டு பிரீசரில் செய்யலாம். முத்திரை உடைக்காத 500 மில்லிலீற்றர் சுத்திகரித்த குடிநீர்ப் போத்தல் நாலைந்து வாங்குங்கள். பிளாஸ்ரிக் போத்தல்தான், கண்ணாடி வெடிக்கும். கிணற்றுத் தண்ணீர் சரிவராது, தூசும் உப்பும் அதிகம். ஒன்றோடொன்று முட்டாமல் படுக்கவையுங்கள். பிரீசர் −18 பாகை அளவில் இருந்தால் ஒன்றே முக்கால் மணிக்குப் பிறகு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெதுவாகத் திறந்து பாருங்கள். வெப்பமானியைத் தண்ணீருக்குள் விட்டால் எல்லாம் கெட்டுவிடும். அதன் நுனியிலேயே பனி பிடிக்கும். ஒரு போத்தலின் வெளிப்பக்கம் ஒட்டிவையுங்கள். −5, −6 பாகையில் இன்னும் தெளிந்த தண்ணீராக இருக்கிற போத்தலை எடுத்து மேசையில் ஒரு தட்டு தட்டினால், வெண்மை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சில செக்கன்களில் ஓடும். ஒன்றிரண்டு போத்தல் முந்தியே உறைந்திருக்கும். அவற்றுக்குள் ஏதோ ஒரு தூசோ, உட்சுவரில் ஒரு கீறலோ இருந்திருக்கிறது. கதவைப் படாரென்று சாத்தினாலும் அதே கதி.

தட்டிய போத்தல் முழுக்கப் பனியாகாது, கஞ்சி மாதிரி ஆகும். உறையும்போது வெளிவருகிற மறைவெப்பம் மிச்சத் தண்ணீரை 0 பாகைக்கு ஏற்றிவிடும். −6 இலிருந்து 0 வரை ஏற்ற ஒரு கிலோகிராமுக்கு 6 × 4.2 = 25.2 கிலோயூல் போதும். உறைதலின் மறைவெப்பம் 334 கிலோயூல். ஆகவே சுமார் 7.5 வீதம், அரை லீற்றரில் 38 கிராம் மட்டுமே பனி.

இதே போத்தலுக்குக் குமிழிக் கணக்கைப் போடுவோம். பனிக்கும் தண்ணீருக்கும் இடையிலான பரப்புச் சக்தி சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 0.03 யூல். −6 பாகையில் இலாபம் கன மீற்றருக்கு சுமார் 67 இலட்சம் யூல். எல்லை ஆரை 9 நனோமீற்றர். அந்த அளவுக்கு ஒரு பனித்துளி தற்செயலாகச் சேர ஏற வேண்டிய மேட்டை வெப்ப அசைவுச் சக்தியால் (போல்ற்ஸ்மான் மாறிலி × வெப்பநிலை) வகுத்தால் வருவது 2700 கிட்ட. 2.718 இன் −2700ஆம் அடுக்கு: பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் −6 பாகையில் சுத்தமான தண்ணீர் தானாக உறையாது. உங்கள் போத்தலை உறையவைத்தது தூசு, கீறல், தட்டு. −38 பாகைக்கு இறக்கினால் எல்லை ஆரை 1.4 நனோமீற்றர், அடுக்கெண் 77 கிட்ட. அங்கே தூசே இல்லாத நுண்துளியும் உறையும். சோதனையில் காண்பதும் அதுதான்.

இந்த 2700 ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய வெற்றிடத்துக்கு வருவோம். ஹிக்ஸ் துணிக்கை கண்டுபிடிக்கப்பட்டதை 2012 யூலை 4இல் சேர்ன் (நீங்கள் கேட்ட ஜெனிவா ஆய்வு நிலையம்) அறிவித்தது. திணிவு 125 கிகா இலத்திரன்வோல்ற்று அளவு. 125² ஐ 2 × 246² ஆல் வகுத்தால் 0.129. இதுதான் ஹிக்ஸ் புலம் தன்னோடு தானே இடைத்தாக்கம் செய்கிற வலிமை. இந்த எண் மாறிலி அல்ல. எந்தச் சக்தி அளவில் பார்க்கிறோமோ அதற்கேற்ப மெல்ல மாறும். டொப் குவார்க் என்ற துணிக்கை மிகப் பாரமானது, சுமார் 173 கிகா இலத்திரன்வோல்ற்று. அது இந்த எண்ணைக் கீழே இழுத்துக்கொண்டே போகிறது. இன்று தெரிந்த துணிக்கைகளை மட்டும் வைத்துக் கணித்தால், ஏறத்தாழ 10¹⁰ – 10¹¹ கிகா இலத்திரன்வோல்ற்றில் அது பூச்சியத்தைக் கடந்து மறையாகிறது. மறையானால் பள்ளம் அங்கே நம்முடையதைவிட ஆழம். காணொளிக்காரர்களின் படம் முழுக்கக் கற்பனை அல்ல என்பது இதனால்தான்.

அடுத்து வீதம். இங்கே சுவர் மெல்லியது அல்ல, கோல்மனின் மெல்லிய சுவர்ச் சூத்திரம் செல்லாது. அடுக்கெண் = 8 × பை² ÷ (3 × அந்த மறை எண்ணின் பருமன்). எண் போய்ச் சேருகிற அடிமட்டம் −0.014 அளவு, 10¹⁷ கிகா இலத்திரன்வோல்ற்றுக்கு அருகில். போட்டுப் பாருங்கள்: 1880. போத்தலின் 2700 இருந்த அதே வரிசைதான்.

1880 என்றால் 10⁻⁸¹⁶. இது ஒரு நுண்ணிய இட-நேரக் கட்டத்துக்கான வாய்ப்பு. நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் இதுவரையான முழு வரலாற்றிலும் அப்படிப்பட்ட கட்டங்கள் ஏறத்தாழ 10²³⁵. இரண்டையும் பெருக்கினால் 10⁻⁵⁸¹. இதுதான் “ஏன் இன்னும் விழவில்லை” என்பதற்கு விடை. எதிர்பார்க்கும் ஆயுளை வருடத்தில் எழுதினால் 1 இற்குப் பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட சுழியங்கள் வரும். அடிமட்டம் −0.014 அல்லாமல் −0.05 ஆக இருந்திருந்தால்? அடுக்கெண் 526, வாய்ப்பு 10⁻²²⁹; 10²³⁵ ஆல் பெருக்கினால் 10 இலட்சம். அப்படியான பிரபஞ்சத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்காது. டொப் குவார்க்கின் திணிவை இன்னும் நுணுக்கமாக அளப்பதில் ஆட்கள் ஏன் மல்லுக்கட்டுகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அதில் ஒரு கிகா இலத்திரன்வோல்ற்று அங்கே இங்கே போனால் ஆயுளின் சுழியங்கள் பத்துக் கணக்கில் மாறும், போதிய அளவு குறைந்தால் ஆழமான பள்ளமே இல்லாமல் போகலாம். இன்னும் கண்டுபிடிக்காத துணிக்கை ஒன்று இடையில் வந்தாலும் கணக்கு முழுக்க மாறும். 10¹⁷ வரை புதிதாக எதுவுமே இல்லை என்று எடுத்துக்கொள்வது பெரிய துணிச்சல்தான்.

தானாக நடப்பதற்கு இடமில்லை என்றால், போத்தலில் போல, தூசு ஏதும் இருக்கிறதா என்பதுதான் மிஞ்சும் கேள்வி. உங்கள் ஜெனிவாக் கேள்வி இங்கேதான் பொருந்துகிறது.

அங்கே இரண்டு புரோத்தன்கள் மோதும்போது மொத்தச் சக்தி 13.6 தெரா இலத்திரன்வோல்ற்று (ஒரு தெரா = 1000 கிகா). 1991இல் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரு அண்டக்கதிர்த் துணிக்கையின் (விண்வெளியிலிருந்து வந்து விழுவது) சக்தி 3 × 10²⁰ இலத்திரன்வோல்ற்று, யூலில் 48. மணிக்கு 88 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற கிரிக்கெட் கடினபந்தின் சக்தி ஒரே ஒரு துணிக்கைக்குள். ஓய்வில் இருக்கிற புரோத்தனில் அது மோதினால், இருவருக்கும் பொதுவான திணிவு மையச் சட்டத்தில் கிடைப்பது 2 × 3 × 10²⁰ × 0.94 × 10⁹ இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 750 தெரா இலத்திரன்வோல்ற்று. ஜெனிவாவின் 55 மடங்கு. இயற்கை இந்தப் பரிசோதனையைப் பூமியின் வளிமண்டலத்திலும் நட்சத்திரங்களிலும் கோடிக்கணக்கான வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறது. 1983இல் வானியலாளர் பியெற் ஹட், மார்ட்டின் ரீஸ் இருவரும் முன்வைத்த வாதம் இதுதான். இயந்திரத்தின் பாதுகாப்பு பற்றி இதைவிட நேரான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

அது போக, மோதல் நல்ல தூசும் அல்ல. குமிழி பிறக்க ஒரு சிறு கோளத்துக்குள் புலம் ஒழுங்காக, எல்லாம் சேர்ந்து, ஒரே பக்கம் நகர வேண்டும். மோதலில் கிடைப்பதோ திசைக்கொன்றாகச் சிதறுகிற சில துணிக்கைகள். மணல் திட்டில் துப்பாக்கியால் சுட்டால் ஓட்டை விழும், முகத்துவாரம் வெட்டுப்படாது. எவ்வளவு சக்தி என்பதோடு அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் கணக்கு. மிகச் சிறிய கருந்துளைகள் உண்மையான தூசாக வேலை செய்யக்கூடும் என்று 2014க்குப் பின் சில ஆய்வுகள் வந்தன. அப்படிப்பட்ட கருந்துளை ஒன்றையும் இன்னும் எவரும் கண்டதில்லை.

போலி வெற்றிடம் அழிவுக் கதைக்காக மட்டும் பேசப்படுவதல்ல. பிரபஞ்சத்தின் தொடக்க விரிவு பற்றிப் பௌதிகவியலாளர் அலன் கூத் 1981இல் எழுதியபோது அடித்தளமாக வைத்தது இதைத்தான். போலி வெற்றிடம் விரிந்தாலும் ஐதாகாது, கன மீற்றருக்கான சக்தி அப்படியே இருக்கும். உருளையில் ஆடுதண்டை இழுப்பதாக நினையுங்கள்: கனவளவு கூடினால் உள்ளே சக்தி கூடுகிறது, ஆகவே இழுக்கிறவர் வேலை செய்ய வேண்டும், ஆகவே உள்ளே அமுக்கம் மறை. மறை அமுக்கம் ஈர்ப்பைத் தள்ளுவிசையாக மாற்றுகிறது. ஆனால் கூத்தின் முதல் வடிவத்தில் குமிழிகள் பிறந்தாலும் இடையிலிருந்த இடம் அதைவிட வேகமாக விரிந்ததால் அவை ஒன்றோடொன்று சேரவில்லை. அவரே அதைச் சொல்லியிருந்தார். 1982இல் லிண்டேயும், தனியாக அல்பிரெக்ட், ஸ்ரைன்ஹார்ட் இருவரும், புலம் மேட்டை ஊடுருவாமல் சரிவில் மெல்ல உருளும் வடிவத்துக்கு மாற்றினார்கள்.

ஆய்வுகூடத்திலும் இதன் நிழலைப் பார்த்துவிட்டார்கள். இத்தாலியின் ட்ரெண்டோவில், கெல்வினின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே குளிரவைத்த சோடியம் அணுக்களின் மேகத்தில் குமிழி பிறப்பதை அளந்த முடிவு 2024இல் வெளியானது. அடுத்த வருடம் 5564 கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) கொண்ட குவாண்டம் இயந்திரம் ஒன்றில் குமிழிகள் ஒன்றோடொன்று இடைத்தாக்கம் செய்வதைப் பார்த்தார்கள். “பிரபஞ்ச அழிவை ஆய்வுகூடத்தில் செய்தார்கள்” என்ற தலைப்புகளை நம்பாதீர்கள். சோதிக்கப்பட்டது கோல்மனின் கணக்கு முறை. நம் வெற்றிடத்தின் ஆயுள் அல்ல.

முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டீர்கள். பிறந்த குமிழியின் சுவர் ஓய்விலிருந்து புறப்பட்டு ஒளி வேகத்தை நெருங்கும். ஆரையின் வர்க்கம் = தொடக்க ஆரையின் வர்க்கம் + (ஒளி வேகம் × நேரம்) இன் வர்க்கம். உறைகிற போத்தலில் வெளிவந்த சக்தி தண்ணீரைச் சூடாக்கியது. இங்கே அது முழுவதும் சுவரை முடுக்குவதற்கே போகிறது. பிறந்த கணத்தில் சுவரிலிருந்து புறப்பட்ட ஒளி நம்மை வந்தடைவதற்கும் சுவரே வந்தடைவதற்கும் உள்ள இடைவெளியை அந்தச் சமன்பாட்டிலிருந்து எடுக்கலாம். தொலைவு பெரிதாக இருந்தால் அது தொடக்க ஆரை ÷ ஒளி வேகம். எவ்வளவு தூரத்தில் பிறந்தாலும் அதே விடை. ஹிக்ஸ் குமிழியின் ஆரையை 10⁻³² மீற்றர் என்று எடுத்தால் 3 × 10⁻⁴¹ செக்கன். கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி போக ஒரு செக்கனின் நூறில் சில பங்காவது வேண்டும்.